துளை விழாத தகடு

அன்று காலையில் மூன்றாவது ட்ரில் பிட்டும் முனை கருகி நின்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஹார்டுவேர் கடை பாயின் முகம்தான். ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

லம்பா லைனில், ஏர்போர்ட் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் எங்கள் பட்டறை. கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, படகுகளுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்கள் செய்கிறோம். வெல்டிங் என் கணவர். அளப்பது, அறுப்பது, துளையிடுவது நான். கல்யாணத்துக்கு முன்பே ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பட்டறைக்கு வருகிறவர்கள் என்னிடமே "மிஸ்திரி எங்கே?" என்று கேட்பார்கள். "நான்தான், சொல்லுங்க" என்பேன். சிலர் அதற்குப் பிறகும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

ட்ரில் பிட்டுகள் என் பொறுப்பு. ஒரு மரக்கட்டையில் அளவு வாரியாகக் குழி போட்டுச் செருகி வைத்திருப்பேன். வேறு யாரும் தொடக் கூடாது. பிட் வாங்கப் போனால் நான் படுத்தும் பாடு பஜாரில் பலருக்குத் தெரியும். காம்பில் அளவும் வகையும் செதுக்கியிருக்கிறதா, நகத்தால் சுரண்டினால் போய்விடும் மையா என்று பார்ப்பேன். கண்ணாடி மேஜையில் உருட்டுவேன். வளைந்த பிட் உருளும்போதே தள்ளாடும். முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெட்டுகிற இரண்டு விளிம்பும் ஒரே நீளமா என்று பார்ப்பேன். ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக இருந்தால் பன்னிரண்டு மில்லி பிட் பன்னிரண்டரைக்கு ஓட்டை போடும். கடைசியாகப் பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, பிட்டின் சுருளோரத்தில் ஒரே ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் நல்ல பிட். கடித்தால் வெறும் இரும்பு.

இந்தத் தீவில் எல்லாமே கப்பலில் வருகிறது. மெயின்லேண்டில் விலைபோகாததுதான் கப்பல் ஏறும் என்று எனக்கு ஓர் எண்ணம். அது முழுக்க நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும், திறந்த முதல் நாளே பூட்டிக்கொண்ட பூட்டும், ஒரே மழையில் கரைந்துபோன பெயின்ட்டும், மரத்தில்கூட இறங்காத தங்க நிற பிட் செட்டும் வாங்கியவள் நான். சந்தேகப்படுவது எனக்குக் கெட்ட பழக்கமாகத் தோன்றியதே இல்லை. அதுவும் ஒரு கருவி என்று நினைத்திருந்தேன்.

அந்த மூன்று பிட்டையும் எரித்த தகடுகளைக் கொண்டுவந்தவர் மெயின்லேண்டிலிருந்து வந்து இங்கே கட்டட வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டர். லாங் ஐலண்டில் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் சின்ன கெஸ்ட் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தார். படகுத்துறைப் பக்கமிருந்து கெஸ்ட் ஹவுஸுக்குப் போக, உப்பு ஓடைக்கு மேலே நீளமாக ஒரு மர நடைபாலம். அதற்கு இரண்டு பக்கமும் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கைப்பிடி. மொத்தம் அறுபது தூண். தூணுக்கு அடியில் ஒரு தகடு, தகட்டுக்கு நாலு ஓட்டை. அளவெடுக்க நானும் கணவரும் ஒருமுறை போய்வந்தோம். பாலத்துக்குக் கீழே சேறும் அலையாத்தி வேருமாக இருந்தது. கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை.

"மால் எங்களோடது அக்கா. 316. கடல் பக்கத்துக்குன்னே ஸ்பெஷலா வரவழைச்சது. நீங்க ஓட்டை போட்டு, வெல்ட் பண்ணி, பாலீஷ் போட்டுக் கொடுத்தா போதும்" என்றார் காண்ட்ராக்டர். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டின் மேல் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. "பாத்தீங்களா, ஒட்டல. பியூர் மால்."

கேட்காமலே சாட்சி சொல்கிறாரே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் என் மனம் அதற்குள் பிட்டுக்குப் போய்விட்டது. இருநூற்று நாற்பது ஓட்டை, எஸ்.எஸ்.ஸில். சாதாரண இரும்பென்றால் சாதா ஹை ஸ்பீடு பிட் போதும். எஸ்.எஸ். வீம்பு பிடித்தது. பிட் வெட்டி இறங்காமல் உரசிக்கொண்டே நின்றால், உரசிய இடம் இறுகிப்போகும். அப்புறம் அங்கே எதுவும் இறங்காது. அதற்குக் கோபால்ட் கலந்த பிட் வேண்டும், அதுவும் முனை அவ்வளவு கூராக இல்லாமல் கொஞ்சம் அகன்றது. மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டு, கையால் நன்றாக அழுத்தி, எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாய் கடைக்குப் போனேன். ராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம். அவர் அப்பா காலத்திலிருந்து அபெர்டீன் பஜாரில் கடை. கோபால்ட் பிட் கேட்டேன். எடுத்துப் போட்டார். உருட்டினேன், முனை பார்த்தேன், அரம் போட்டேன். எல்லாம் சரி. வாங்கி வந்தேன்.

முதல் தகட்டில் சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் ஐந்து மில்லி பிட் போட்டேன். இறங்கியது, ஆனால் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு பன்னிரண்டு. பாதி இறங்குவதற்குள் புகை. வெட்டிய உலோகம் சுருள் சுருளாக ஏறி வர வேண்டும். வந்ததோ கருகிய பொடி. பிட்டைத் தூக்கிப் பார்த்தால் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. மெஷின் பெல்ட் ஏற்கனவே ஆகக் குறைந்த ஸ்பீடில்தான் இருந்தது. சாணை பிடித்து மறுபடி போட்டேன். மறுபடி நீலம். இரண்டாவது பிட், மூன்றாவது பிட். அன்று காலையில் விழுந்தது நாலே நாலு ஓட்டை. அவையும் விளிம்பு சிதைந்தவை.

முதலில் கணவரிடம் பாய்ந்தேன்.

"என் பிட்டை எடுத்தீங்களா?"

"எதுக்கு எடுக்கப் போறேன்?"

"போன வாரம் ஜீப் ஸ்பிரிங் பட்டைக்கு ஓட்டை போட்டீங்களே."

அவர் வெல்டிங் முகமூடியை மேலே தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இது நேத்து வாங்கிட்டு வந்த பிட்டு. பாக்கெட்டை நீதான் பிரிச்ச. பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் எப்படி உள்ள பூந்து எடுப்பேன்?"

அதற்கு மேல் அவரைச் சந்தேகப்பட வழியில்லை. பிட்டுகளைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை.

"பாய், இது கோபால்ட் இல்ல."

"யாரு சொன்னா?"

"பிட்டே சொல்லுது. முனையைப் பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த பஜார்ல என் கடையில நின்னு பிட்டை அரத்தால ராவிப் பாக்குற ஒரே ஆளு நீங்கதான் தங்கச்சி. ராவிப் பாத்துட்டுத்தானே எடுத்துட்டுப் போனீங்க?"

"மேல மட்டும் கெட்டியா பூச்சு இருந்திருக்கும்."

பக்கத்தில் பைப் வாங்க நின்ற தெலுங்குக்காரர், "க்யா ஹுவா பாய்?" என்று என்ன நடந்ததென விசாரித்தார். பாய் வாயைத் திறப்பதற்குள் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று நான் இந்தியில் சொன்னேன், கடை முழுக்கக் கேட்கும்படி: "நக்லி மால் தே தியா."

பாயின் முகம் சுருங்கிவிட்டது. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். போடவில்லை. "வெச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். தெலுங்குக்காரர் கையில் எடுத்த பைப்பைத் திரும்பவும் ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தபடியே வெளியே வந்தேன். அப்போது அது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது.

அன்றைக்கே ஜங்லிகாட் பக்கம் இன்னொரு கடையில் கோபால்ட் பிட் வாங்கினேன். அதுவும் கருகியது. இரண்டு கடைகளுக்கும் ஒரே இடத்திலிருந்து நக்லி வருகிறது என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மறுநாள் முற்பகலில் பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பாய். கடையை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. கையில் ஒரு துணிப்பை. கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"வேற எஸ்.எஸ். துண்டு ஏதாவது இருக்கா? உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச மால்" என்றார் என்னிடம்.

ஒரு மீன்பிடிப் படகின் சுக்கானுக்குச் செய்த பிராக்கெட்டில் மிஞ்சிய துண்டு இருந்தது. அந்தப் படகு வருஷக்கணக்காகக் கடலில் கிடக்கிறது, துரு ஏறவில்லை. அதை எடுத்து வந்தேன். பாய் பையிலிருந்து நான் திருப்பிக் கொடுத்த அதே பிட்டுகளில் ஒன்றை எடுத்தார். முனையைச் சாணை பிடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"போடுங்க."

போட்டேன். எண்ணெய் விட்டு, கையை அழுத்தினேன். பிட் இறங்கியது. வெள்ளிச் சுருள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. சத்தமே இல்லை.

"இப்ப அந்தத் தகடு."

காண்ட்ராக்டரின் தகட்டை மாட்டினேன். கீச்சென்ற சத்தம், புகை, கரிப்பொடி.

"அதே பிட்டு, அதே மெஷின், அதே கை" என்றார் பாய். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலும் கட்டை பேட்டரியும் எடுத்தார். பழைய எஸ்.எஸ். வாங்கி விற்கிறவர்கள் வைத்திருக்கும் மருந்து அது. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு சொட்டு விட்டு, பேட்டரியைத் தொடவைத்தார். சொட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் நிறமாகச் சிவந்தது. படகுத் துண்டின் மேல் விட்ட சொட்டு சிவக்கவே இல்லை.

"சிவந்தா இருநூறு வகை, மட்டமான எஸ்.எஸ். மாங்கனீஸ் ஜாஸ்தி. வீட்டுக்குள்ள வெச்சா பளபளன்னு இருக்கும். உப்புக் காத்துல நிக்காது. சாமானியமா ஓட்டையும் விழாது, அழுத்த அழுத்த இறுகும். காந்தம் இதுலயும் ஒட்டாது." பாட்டிலை மூடிக்கொண்டே, "என் மேல சந்தேகப்பட்டீங்க, சரி. தகட்டு மேல ஏன் படல?" என்றார்.

பின்னால் யோசித்தபோது கொஞ்சம் புரிந்தது. பிட் நான் தேர்ந்தெடுத்தது, தகடு இன்னொருவர் கொடுத்தது. நானே பார்த்து எடுத்ததில்தான் ஏமாந்திருப்பேன் என்ற பயமே எனக்கு எப்போதும். அதோடு, காண்ட்ராக்டர் கையில் 316 என்று அச்சடித்த பில் இருந்தது. பாயிடம் இருந்தது வெறும் வார்த்தை.

மன்னிப்புக் கேட்டேன். "டீக் ஹை, சரி" என்றார். வாசல்வரை போய்விட்டு, என்ன நினைத்தாரோ, திரும்பி நின்றார். "போன வருஷம் என்கிட்ட ஒரு தங்கக் கலர் செட்டு வாங்குனீங்கல்ல. அது வெறும் கலருதான். எனக்கு அப்பவே தெரியும். நீங்க கேக்கல, நானும் சொல்லல." சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

ஆக, நான் முழுக்கத் தப்பும் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. அதைவிட மோசமான ஒன்றும் மனதில் ஓடியது: அந்த பாட்டில் பாயினுடையது. கடைப் பெயரைக் காப்பாற்ற அவர் ஏதாவது வித்தை காட்டியிருந்தால்? எனவே கெட்டுப்போன தகட்டிலிருந்து அறுத்த ஒரு துண்டையும் படகுத் துண்டையும் தனித்தனியாக இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடல் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஜன்னலோரம் வைத்தேன். காண்ட்ராக்டர் போன் செய்தபோதெல்லாம் கரன்ட் சரியில்லை என்றேன். லம்பா லைனில் அது எப்போதும் நம்பக்கூடிய பொய். இரண்டு வாரம் ஆவதற்குள் தகட்டுத் துண்டின் வெட்டுவாயில் தேயிலைத் தூள் ஒட்டினாற்போல் பழுப்புப் புள்ளிகள். படகுத் துண்டு அப்படியே இருந்தது.

காண்ட்ராக்டர் நேரில் வந்தார். பாட்டில்களைக் காட்டினேன். அவர் அவற்றைக் கையில்கூட எடுக்கவில்லை.

"அக்கா, ஓட்டை போடுறது உங்க வேலை. கிரேடு பாக்குறது இன்ஜினியர் வேலை. பில்லுல 316தான் இருக்கு."

"சரி. அப்போ மால் நீங்க கொடுத்ததுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நாங்க போட்டுத் தர்றோம்."

"அது எதுக்கு?"

"நாளைக்குத் துருப் பிடிச்சா, பட்டறையில சரக்கை மாத்திட்டாங்கன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

அவர் சிரித்தார். "பரோசா இல்லியா என் மேல? நம்பலியா?" என்று கேட்டது என்னை அல்ல, என் கணவரை. கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ சொல்றதுதான்" என்றார். இத்தனைக்கும் முந்தின நாள் முழுக்க, நமக்கேன் வம்பு, போட்டுக் கொடுத்துவிடலாம் என்று என்னிடம் வாதாடியவர்.

காகிதம் வரவில்லை. மறுநாள் ஒரு பிக்அப் வந்து தகடுகளையும் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த வாரமே பஜாரில் பேச்சு வந்தது. லம்பா லைன் பட்டறைக்கு எஸ்.எஸ். வேலை தெரியாதாம், நாலு ஓட்டைக்கு மூணு பிட்டை எரித்தார்களாம். அது பொய்யும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

ஒருநாள் சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "சரக்கைத் திருப்பிக் குடுத்துட்டோம். அதோட முடிஞ்சுது. அதை நெனச்சுக்கிட்டே இருக்காத." ஆனால் நான் அந்தப் பாலத்தின் மேல் நின்று அளவெடுத்தவள். தூணுக்கு அடியில், தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், ஈரம் தங்குகிற இடத்தில்தான் முதலில் அரிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும். யாராவது புகைப்படத்துக்குச் சாய்ந்து நிற்பார்கள். அந்த ஓடையில் விழுந்தவர்களுக்கு நீந்தத் தெரிந்தும் பிரயோஜனமில்லை.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் எடுத்து, இரண்டு பாட்டில்களையும் புடவைக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, லாங் ஐலண்ட் போட்டில் ஏறினேன். போவதற்கு முன்னால் பாய் கடைக்குப் போய் அந்த மருந்தில் கொஞ்சம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒரு சின்ன குப்பியில் ஊற்றிக் கொடுத்தார், கூடவே ஒரு பேட்டரியும்.

நர்ஸ் பாலத்தின் முனையிலேயே நின்றிருந்தார். அறுபதைத் தாண்டியவர். பெற்றோர் சிலோன் தோட்டத்திலிருந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே திரும்பாமல், கடைசியாக வேலை பார்த்த லாங் ஐலண்டிலேயே தங்கிவிட்டவர். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க வருவீங்கன்னு தெரியும்."

"யார் சொன்னா சிஸ்டரம்மா?"

"காண்ட்ராக்டரு போன் பண்ணிட்டாரு. வேலை கையவிட்டுப் போன கோவத்துல ஒரு பொம்பள வருவா, மாலு சரியில்லன்னு சொல்லுவா, நம்பிராதீங்கன்னு."

ஆளை முந்திக்கொண்டு சந்தேகப்படுவதில் காண்ட்ராக்டர் என்னைவிட ஒரு படி மேலே இருந்தார். இனி நான் எதைச் சொன்னாலும் அவர் சொன்னது பலித்த மாதிரிதான் ஆகும்.

பாட்டில்களை எடுத்துத் திண்டின் மேல் வைத்தேன். இது காண்ட்ராக்டர் கொடுத்த தகடு, இது நல்லது என்று காட்டினேன். நர்ஸ் குனிந்து இரண்டையும் நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்க கொண்டாந்ததுதான புள்ள?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குப்பியை எடுத்து, அது எப்படி வேலை செய்யும் என்று சொன்னேன். "தூண் எல்லாம் வந்து எறங்குற அன்னிக்கு நீங்களே ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

"இந்தத் தண்ணியும் நீங்க குடுக்கிறதுதான."

"உங்க வீட்ல நல்ல எஸ்.எஸ்.ன்னு உங்களுக்கே நிச்சயமாத் தெரிஞ்ச சாமான் ஏதாவது இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவரைவிதை வடிவத்தில் ஒரு ட்ரே. ஆஸ்பத்திரியில் ஊசி, கத்தி வைக்கிறது. "ரிட்டயர் ஆனப்ப வாங்கி வெச்சேன். நாப்பது வருஷம் இதே மாதிரி ட்ரேய கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்திருக்கேன். ஒரு புள்ளி வராது."

அவர் கையாலேயே அதில் ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை வைத்தார். நிறம் வரவில்லை. பாட்டிலைத் திறந்து என் தகட்டுத் துண்டை எடுத்துத் துடைத்து, அதிலும் விட்டார். சிவந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ட்ரேயை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த போட் மறுநாள்தான். கட்டி முடியாத ஓர் அறையில் நர்ஸ் எனக்குக் கோரைப்பாய் விரித்துக் கொடுத்தார். சூரை மீன் குழம்பும் சோறும் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னாலேயே, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் கிளம்பும்போது குப்பியை வாங்கிக்கொண்டார். நன்றி என்றோ நம்புகிறேன் என்றோ சொல்லவில்லை.

வாரங்கள் போயின. போன் இல்லை. அவர் எல்லாவற்றையும் காண்ட்ராக்டரிடம் சொல்லியிருப்பார், இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ட்ரேகூட ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்ததாக இருக்கும் என்றுகூட ஒரு நாள் எனக்குத் தோன்றியது. என் புத்தி எவ்வளவு தூரம் போகிறது என்று அன்று எனக்கே கூச்சமாக இருந்தது.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கூப்பிட்டார். வேறு பட்டறையில் செய்த தூண்கள் வந்து இறங்கிய அன்று ஜெட்டியிலேயே நின்று, ஏற்றி வந்தவர்கள் முன்னிலையில், ஏழெட்டுத் தூண்களில் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். எல்லாம் சிவந்திருக்கின்றன. காண்ட்ராக்டர் வந்து, தன்னை மெயின்லேண்ட் சப்ளையர் ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டாராம்.

"நெசமாவே அவரும் ஏமாந்துட்டாரோ என்னவோ. முகத்தைப் பாத்தா அப்பிடித்தான் இருந்துச்சு" என்றார் நர்ஸ்.

எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படியும் இருக்கலாம். காகிதம் எழுதிக் கொடுக்காதவர், நான் வருவேன் என்று முன்கூட்டியே போன் செய்தவர், ஏமாந்தவராகவும் இருக்க முடியுமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஏமாந்தவர்கள் நடந்துகொள்வதும் சில சமயம் குற்றவாளி நடந்துகொள்வது மாதிரியேதான் இருக்கிறது. பாய் கடையில் நான் நடந்துகொண்டதை அந்தத் தெலுங்குக்காரர் வெளியில் எப்படிச் சொல்லியிருப்பார்?

நர்ஸ் சென்னையில் இருக்கும் தன் அண்ணன் மகன் மூலமாகத் தகடும் குழாயும் வாங்கிக் கப்பலில் போடச் செய்தார். வேலை எங்களுக்கு. சரக்கு பட்டறைக்கு வந்த அன்று அவரும் லாங் ஐலண்டிலிருந்து வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தகட்டு அடுக்குக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தகடாகத் தேய்த்துச் சொட்டு விட்டார். அறுபதும். சிவக்காத தகட்டைத் துடைத்து என்னிடம் நீட்டுவார், நான் மெஷினில் மாட்டுவேன். "இந்தம்மா வாங்குன சரக்கையே இந்தம்மா நம்பல" என்று கணவர் என் காதில் முணுமுணுத்தார்.

இந்தத் தடவை பிட்டும் பாய் கடையில்தான். நான் கேட்பதற்குள் அவரே நல்ல அகன்ற முனைப் பிட்டாக நாலு பொறுக்கி எடுத்து வைத்தார். அரத்தை வெளியே எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். எடுத்தேன். ராவிப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருள் சுருளாக வெள்ளி கொட்டியது. இருபது ஓட்டைக்கு ஒருமுறை சாணை பிடித்தேன். இருநூற்று நாற்பதும் விழுந்து முடிந்தபோது ஒரு பிட்கூட எரியவில்லை. என் வலது தோள் மட்டும் ஒரு வாரம் வலித்தது.

பாலத்தில் தூண்களை நிறுத்தி முடிக்க எங்களுக்கு நாலு நாள் ஆனது. கடைசி நாள் பிற்பகல், வெயில் தாழ்ந்த நேரம், நர்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்தில் ஏறினார். ஒவ்வொரு தூணையும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் போய், மறுபக்கம் திரும்பி வந்தார். நாற்பத்துச் சொச்சமாவது தூணில் நின்று, விரலை மட்டும் அசைத்து என் கணவரைக் கூப்பிட்டார். ஒரு நட்டு சரியாக இறுகவில்லை. கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு படியில் உட்கார்ந்து பால் விடாத சாயத் தேநீர் குடித்தோம். ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல்களுக்கு இன்னும் கிரில் போடவில்லை, எந்த இரும்பு போட்டால் நல்லது, என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று நர்ஸ் என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி புள்ள. வேற ரெண்டு பேருகிட்டயும் கேட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.